பூட்டிய வீட்டுக்குப் பதில் பக்கத்து வீடு: இதயநோய் சர்வேயில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

மாரடைப்பும் பக்கவாதமும் யாருக்கு, எதனால் வருகின்றன என்று ஊர் ஊராகக் கணக்கெடுக்கும் வேலை என்னுடையது. போன மாதம் உசிலம்பட்டிப் பக்கம் புதுப் பிள்ளைகளோடு இரண்டு நாள் சுற்றினேன். முதல் வருடம் நான் செய்த தவறுகளையே அவர்களும் செய்தார்கள். கையெழுத்து வாங்க மறப்பது, பேட்டரி தீர்ந்துபோவது எல்லாம் தானாகச் சரியாகிவிடும். மற்றவற்றைச் சொல்கிறேன்.

பூட்டிய வீடு

இதைப் பார்த்தால் எனக்கு இன்றும் கோபம் வருகிறது. சர்வேக்குத் தேர்ந்தெடுத்த பட்டியலில் உள்ள வீடு பூட்டிக் கிடக்கிறது. வெயில் கொளுத்துகிறது. பக்கத்து வீட்டுத் திண்ணையில் ஒரு அம்மா இருக்கிறார். அவருக்கே பி.பி. பார்த்து, படிவத்தை நிரப்பி, அன்றைய எண்ணிக்கையை முடித்துவிடுகிறோம்.

காலை பத்து மணிக்குக் கிராமத்து வீட்டில் யார் இருப்பார்கள்? வயதானவர்களும் கைக்குழந்தை வைத்திருப்பவர்களும்தான். கொத்தனார், லோடுமேன், டிரைவர் எல்லோரும் கிளம்பியிருப்பார்கள். பீடியும் குடியும் அதிகம் இருப்பது அந்த ஆண்களிடம்தான். அவர்களை விட்டுவிட்டால் புகைப்பழக்கம் குறைந்த ஊராகக் கணக்கு காட்டும். ஆயிரம் பேருக்குப் பதில் ஐயாயிரம் பேரைப் பார்த்தாலும் இந்தப் பிழை போகாது.

என் முதல் வருடத்தில் ஒரு வீடு. பச்சைக் கதவு, நாதாங்கியில் பூட்டு, வாசலில் பல நாளாகக் கோலம் இல்லை. அதைக் கவனித்தும் நான் யோசிக்கவில்லை. பக்கத்து வீட்டு அப்பத்தாவிடம் எல்லாம் கேட்டு முடித்துக் கிளம்பும்போது அவராகவே சொன்னார்: “அவன் இப்ப வரமாட்டான்ப்பா. கை கால் விழுந்து ஆஸ்பத்திரில கெடந்தான். இப்ப திருமங்கலத்துல, மக வீட்ல இருக்கான்.” அந்தப் பூட்டிய வீட்டுக்காரருக்கு வயது 48. நாங்கள் ஊருக்குள் வந்ததே அவரைப் போன்றவர்களைக் கணக்கில் எடுக்கத்தான். அவருடைய இடத்தில் நான் எழுதி வைத்தது பி.பி. சரியாக இருந்த ஒரு அப்பத்தாவை. குழுவில் எல்லோரும் இப்படியே செய்திருந்தது அப்புறம்தான் தெரிந்தது. மூன்று மாத உழைப்பைத் தூக்கிப் போட்டோம்.

மூன்று முறை போங்கள். ஒரு தடவை இரவு ஏழு மணிக்கு மேல், ஒரு தடவை ஞாயிற்றுக்கிழமை. அப்படியும் ஆள் இல்லையென்றால் ‘கிடைக்கவில்லை’ என்று எழுதி, காரணத்தை விசாரித்துக் குறியுங்கள். 1948இல் அமெரிக்காவின் ஃப்ரேமிங்ஹாம் ஊரில் தொடங்கிய இதயநோய் ஆய்வில், தேர்ந்தெடுத்த 6,507 பேரில் 4,469 பேர்தான் வந்தார்கள். தாமாக முன்வந்த 740 பேரையும் சேர்த்து 5,209. யார் தேர்ந்தெடுக்கப்பட்டவர், யார் தாமாக வந்தவர் என்று அவர்கள் பிரித்து எழுதி வைத்ததால்தான் இன்று நாம் இதைச் சொல்ல முடிகிறது.

ஒரே ரீடிங்கோடு எழுந்துவிடுவது

தண்ணீர்க் குடத்தை இறக்கி வைத்த கையோடு பி.பி. பார்க்காதீர்கள். உலக சுகாதார நிறுவனத்தின் ஸ்டெப்ஸ் (STEPS) சர்வே முறைப்படி, 15 நிமிடம் அமைதியாக உட்கார வைக்க வேண்டும். மூன்று நிமிட இடைவெளியில் மூன்று ரீடிங், கடைசி இரண்டின் சராசரிதான் கணக்கு. 40 முதல் 69 வயது வரை உள்ளவர்களிடம் பி.பி.யின் மேல் அளவு 20 கூடினால், பக்கவாதத்தாலும் மாரடைப்பாலும் சாகும் வாய்ப்பு ஏறக்குறைய இரண்டு மடங்காகிறது. அவசரத்தில் பத்து, பதினைந்து கூட்டி எழுதுவது சின்ன விஷயம் இல்லை.

எல்லாம் பூஜ்யத்தில் முடிவது

பி.பி. எல்லாம் 120, 130, 140 என்றே வந்தால், கருவியில் வந்ததை எழுதாமல் தோராயமாக எழுதியிருக்கிறார்கள் என்று படிவத்தைத் திருப்பி அனுப்பிவிடுவேன்.

மாத்திரை சாப்பிடுபவரை ‘பி.பி. இல்லை’ என்று எழுதுவது

2021இல் அரசின் ‘மக்களைத் தேடி மருத்துவம்’ திட்டம் வந்த பிறகு மாத்திரை வீட்டு வாசலுக்கே வருகிறது. “மாத்திரை கொண்டாந்தியாப்பா?” என்றுதான் நம்மையும் கேட்கிறார்கள். ரீடிங் 140/90-க்குக் கீழே இருந்தாலும், மாத்திரை எடுப்பவர் பி.பி. உள்ளவர்தான்.

“புகையிலைப் பழக்கம் உண்டா?”

இப்படிக் கேட்டால் “அதெல்லாம் இல்லய்யா” என்றுதான் பதில் வரும். “வெத்தலையோட போயிலை போடுவீங்களா?” என்று கேளுங்கள். மேலூர்ப் பக்கம் ஒரு பாட்டி உடனே சுருக்குப் பையை அவிழ்த்து, விரல் நீளத் துண்டை எடுத்துக் காட்டினார்.

சித்திரைத் திருவிழா வாரம்

ஃபீல்டு வேண்டாம். பாதி ஊர் அழகரைப் பார்க்கப் போயிருக்கும்.