பலகை கோணாமல் இருக்க: தவிர்க்க வேண்டிய தவறுகள்

மரம் கோணுவதற்கு ஈரமே காரணம் என்று பொதுவாகச் சொல்கிறோம். அது பாதிக் காரணம்தான். ஒரே பலகையின் ஒரு பகுதி மற்றொரு பகுதியைவிட அதிகமாகச் சுருங்கும்போது அல்லது பருக்கும்போதுதான் அது வளைகிறது. வெட்டிய மரத்தின் ஈரம், அதன் உலர்ந்த எடையில் சுமார் 30 சதவீதத்துக்குக் கீழே இறங்கிய பிறகே சுருக்கம் தொடங்குகிறது. அந்தச் சுருக்கமும் எல்லாத் திசையிலும் ஒன்றாக இருப்பதில்லை. நீளவாக்கில் அது கண்ணுக்கே தெரியாது. ஆனால் வளர்ச்சி வளையங்களின் போக்கில் ஏற்படும் சுருக்கம், மையத்திலிருந்து பட்டையை நோக்கிய திசையில் ஏற்படுவதைப் போல ஏறத்தாழ இரு மடங்கு. ஆகவேதான் மையத்தை விட்டு விலக்கி அறுத்த பலகை காயும்போது, பட்டைப் பக்கம் இருந்த முகம் குழிந்துகொள்கிறது.

முதல் தவறு மரவாடியிலிருந்து மரம் வந்து இறங்கிய அன்றே நேர்ந்துவிடுகிறது. பலகைகளைச் சிமெண்டுத் தரையில் ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கினால், மேல்முகம் காற்றில் காய, அடிமுகம் ஈரத்தைப் பிடித்துக்கொண்டே இருக்கும். விரைவில் உலரட்டும் என்று வெயிலில் போடுவது அதைவிடக் கெடுதல். மேற்பரப்பு அவசரமாகச் சுருங்க, உள்ளே ஈரம் நிற்பதால் வெடிப்பும் சேர்ந்து வரும். நிழலில், தரையிலிருந்து உயர்த்தி, ஒவ்வொரு பலகைக்கும் இடையில் ஒரே கனமுள்ள ரீப்பர்களை (மெல்லிய மரச்சட்டங்களை) வைத்து அடுக்க வேண்டும். அந்த ரீப்பர்கள் ஒன்றுக்கு நேர்கீழே ஒன்றாக நிற்பது முக்கியம். விலகி நின்றால் மேலுள்ள சுமையே பலகையை வளைத்துவிடும். பலகையின் இரு முனைகளிலும் பெயின்டோ மெழுகோ பூசிவிடுவது நல்லது, ஏனெனில் ஈரம் மிக வேகமாக வெளியேறுவது அந்த வெட்டுமுகங்களின் வழியாகத்தான்.

கதவுகளில் நடப்பது வேறு வகை. வெளிப்பக்கம் மூன்று பூச்சு வார்னிஷ் கண்ட கதவின் அடிவிளிம்பையும் மேல்விளிம்பையும், யாரும் பார்க்கப் போவதில்லை என்பதாலோ என்னவோ, பூச்சே இல்லாத வெறும் மரமாக விட்டுவிடுகிறார்கள். பூச்சு ஈரத்தை அடியோடு தடுப்பதில்லை, அதன் வேகத்தைக் குறைக்கிறது. அந்த வேகம் இரு முகங்களிலும் ஒன்றாக இருந்தால்தான் கதவு நேராக நிற்கும். கழுவிவிடும் தரையை ஒட்டி நிற்கும் அடிவிளிம்புக்கு, முகப்பைவிடப் பூச்சு அதிகம் தேவை.

ஐப்பசி மழையில் கதவு நிலையில் இறுகியதும் உடனே தச்சரை அழைத்து இழைத்துவிடுவது இன்னொரு வழக்கம். காற்றின் ஈரப்பதம் 65 சதவீதமாக இருக்கும்போது மரத்தில் ஈரம் சுமார் 12 சதவீதத்தில் நிலைக்கும். காற்றில் 80 சதவீதமானால் அது 16 சதவீதத்தை எட்டும். 20 சென்டிமீட்டர் அகலமுள்ள தேக்குப் பலகை ஒன்று இந்த மாற்றத்தில் ஒன்றரை மில்லிமீட்டர் வரை அகலக்கூடும். மழைக்காலத்தில் இழைத்தெடுத்த அளவு, சித்திரையில் இடைவெளியாகத் தெரியும். உண்மையில் கோணிய கதவா, வெறுமனே பருத்த கதவா என்பதை ஒரு நேர்ச்சட்டம் வைத்துப் பார்த்து முடிவு செய்யலாம். பருத்த கதவு என்றால் பொறுத்திருப்பதே சிறந்த வைத்தியம்.

அகலமான மேசைப்பலகையைக் குறுக்குச் சட்டங்களோடு பசையும் திருகாணியுமாக அசையாதபடி இறுக்குவதும் பலன் தருவதில்லை. மரத்தின் அசைவை வலிமையால் நிறுத்த முடியாது. அது வளையும், இல்லையேல் பிளக்கும். திருகாணித் துளையைப் பலகையின் அகலவாக்கில் நீளமாக அமைத்தால் போதும். சட்டமும் நடுப்பலகையுமாகச் செய்யப்படும் கதவில், நடுப்பலகையைப் பசையில்லாமல் சட்டத்தின் காடிக்குள் (நீளப் பள்ளத்துக்குள்) நழுவ விடுவதும் இதற்காகவே.

பிளாஸ்டிக்கில் ஈரத்தின் இடத்தை வெப்பம் எடுத்துக்கொள்கிறது. அச்சில் உருகி வார்க்கப்பட்ட பொருளின் ஒரு பகுதி சீக்கிரமும் மற்றொரு பகுதி தாமதமாகவும் குளிர்ந்தால், உள்ளே இழுவிசை தங்கிவிடும்; பின்னாளில் அடுப்பருகிலோ கொதிநீரிலோ அது தளரும்போது டப்பாவின் மூடி வளைகிறது. அச்சிலிருந்து சூடாக இருக்கும்போதே எடுப்பதும், ஒரே பொருளில் தடித்த சுவரையும் மெல்லிய சுவரையும் கலப்பதும் தயாரிப்பாளர் செய்யும் தவறுகள். நம் பக்கத் தவறு பெரும்பாலும் மொட்டைமாடியில் இருக்கிறது. 3 மீட்டர் பிவிசி குழாய் 30 டிகிரி வெப்பம் ஏறினால் சுமார் 6 மில்லிமீட்டர் நீளும். அதன் இரு முனைகளையும் சுவரோடு இறுகக் கட்டிவிட்டால், நீள வழியில்லாமல் குழாய் நடுவில் வளைந்து தொங்கும். கிளாம்புகளைக் குழாய் நழுவும் அளவுக்குத் தளர்வாகவும், ஒன்றுக்கொன்று நெருக்கமாகவும் பொருத்த வேண்டும்.