தலைக்கு மேலே போவது எந்த விமானம்? தரையிலிருந்தே கண்டுபிடிக்கப் பழகுங்கள்

சென்னை விமான நிலையத்தை ஒட்டிய பொழிச்சலூரிலோ ஆலந்தூரிலோ மொட்டை மாடியில் நின்றால் சில நிமிடத்துக்கு ஒரு ஃபிளைட் தலைக்கு மேலே போகும். வாலில் இருக்கும் நிறத்தைப் பார்த்து "இண்டிகோ போகுது", "எமிரேட்ஸ் போகுது" என்று சொல்வது எல்லோருக்கும் கைவந்தது. ஆனால் அது கம்பெனியின் பெயர். அரசு பஸ்ஸின் நிறத்தை வைத்து வண்டி லேலண்டா டாட்டாவா என்று சொல்ல முடியாது அல்லவா, அது போலத்தான் இதுவும். ஏர் இந்தியா எக்ஸ்பிரஸையே எடுத்துக்கொள்ளுங்கள். 2024-இல் ஏஐஎக்ஸ் கனெக்ட் அதோடு இணைந்தபின், ஒரே பெயரில் போயிங் 737-ம் பறக்கிறது, ஏர்பஸ் ஏ320-ம் பறக்கிறது.

அதனால் இந்தப் பயிற்சிக்கு ஒரே விதி: எஞ்சின், வால், வயிறு, மூக்கு என்று வரிசையாகப் பார்க்க வேண்டும். நிறம் கடைசியில்.

கையில் என்ன வேண்டும்?

8×42 பைனாகுலர் ஒன்று போதும். 8 என்பது பெருக்கம், 42 என்பது முன்கண்ணாடியின் விட்டம், மில்லிமீட்டரில். 12, 16 என்று பெரிய எண்ணைப் பார்த்து ஆசைப்பட்டு வாங்கினால், கை நடுக்கமும் அதே அளவு பெருகும். ஸ்டாண்ட் இல்லாமல் விமானத்தைப் பின்தொடரவே முடியாது. கூடவே ஒரு சின்ன நோட்டு, பேனா. செல்போனில் பறக்கும் விமானத்தின் விவரத்தைக் காட்டும் ஃபிளைட்ரேடார்24 போன்ற ஆப் ஒன்று இருக்கட்டும். ஆனால் அது விடைத்தாள். முதலில் நீங்கள் ஊகித்து எழுதிவிட்டுப் பிறகுதான் திறக்க வேண்டும். ஆப்பை முதலில் பார்த்தால் கண் எதையும் கற்றுக்கொள்ளாது.

படி 1: எங்கே நிற்பது?

விமானம் காற்றை எதிர்த்தே ஏறும், காற்றை எதிர்த்தே இறங்கும். ஆகவே காற்று எங்கிருந்து வீசுகிறது என்று தெரிந்தால், விமானம் எந்தப் பக்கமிருந்து வரும் என்று தெரிந்துவிடும். சென்னையின் முதன்மை ஓடுபாதைக்கு 07/25 என்று பெயர். காந்தத் திசைமானியில் 70 பாகையை நோக்கிப் போனால் 07, திரும்பி 250 பாகையை நோக்கிப் போனால் 25. கடைசிச் சுழியத்தை விட்டுவிட்டு எழுதுகிறார்கள், அவ்வளவுதான். கிழக்கே கடலிலிருந்து காற்று வீசினால் 07 நடக்கும்: விமானங்கள் அனகாபுத்தூர், பம்மல், பொழிச்சலூர் பக்கமிருந்து இறங்கி, கடலை நோக்கி ஏறும். மேற்கிலிருந்து காற்று அடித்தால் 25: கடல் பக்கமிருந்து கிண்டி, ஆலந்தூர் வழியாக இறங்கும். கோடையில் காலையில் ஒரு திசையும், பிற்பகலில் கடற்காற்று உள்ளே வந்ததும் எதிர்த்திசையும் நடப்பது உண்டு. மாடிக்குப் போகும் முன் பக்கத்து வீட்டுக் கொடியில் காயும் துணி எந்தப் பக்கம் பறக்கிறது என்று பாருங்கள்.

இறங்கும் பாதையின் சரிவு வழக்கமாக 3 பாகை. அதாவது தரை தொடும் இடத்திலிருந்து ஒவ்வொரு கிலோமீட்டர் தள்ளிப் போகப் போக உயரம் சுமார் 52 மீட்டர் கூடும். 3 முதல் 5 கி.மீ. தள்ளி நின்றால் விமானம் 150 முதல் 260 மீட்டர் உயரத்தில் உங்களைக் கடக்கும். சக்கரமும் கதவும் நன்றாகத் தெரியும் தூரம் இது. மிகவும் நெருங்கி நின்றால் நொடிக்கு 70 மீட்டர் வேகத்தில் கடந்துவிடும், பைனாகுலரைத் தூக்குவதற்குள் போய்விடும்.

சூரியன் உங்கள் முதுகுக்குப் பின்னால் இருக்க வேண்டும். இல்லையென்றால் கருப்பு நிழலுருவம்தான் மிஞ்சும். சென்னை ஓடுபாதை ஏறக்குறைய கிழக்கு மேற்காகக் கிடப்பதால், குளிர்கால மாதங்களில் அதன் தெற்குப் பக்கம் நிற்பது நல்லது. நடுப்பகலில் தரைச் சூடு காற்றை அலையாட வைக்கும். எவ்வளவு நல்ல கண்ணாடியானாலும் கானல் ஓடும். காலை 7 முதல் 9, மாலை 4 முதல் 6 சரியான நேரம்.

பரங்கிமலை உச்சியிலிருந்து ஓடுபாதையே தெரியும். ஆனால் விமான நிலையச் சுவரை ஒட்டிக் கேமராவோடு சுற்றாதீர்கள், டிரோன் பறக்கவிடவே கூடாது. தாம்பரம், சூலூர் போன்ற விமானப்படைத் தளங்களின் அருகே கேமராவைப் பையிலிருந்து எடுக்காதீர்கள்.

படி 2: எஞ்சின் எத்தனை, எங்கே?

ப்ரொப்பல்லர் சுற்றினால் படி 3-க்குப் போங்கள். இறக்கைக்குக் கீழே இரண்டு ஜெட் எஞ்சின் என்றால் படி 4-க்கு, உடல் பெருத்திருந்தால் படி 6-க்கு. உடலின் பின்புறம் வாலை ஒட்டி இரண்டு என்றால் பெரும்பாலும் தனியார் பிசினஸ் ஜெட். இறக்கைக்குக் கீழே நான்கு என்றால் இன்று பயணிகள் சேவையில் பெரும்பாலும் மூன்றில் ஒன்றுதான்: முழு நீளத்துக்கும் இரண்டடுக்கு ஜன்னல் இருந்தால் ஏ380, முன்பக்கம் மட்டும் திமில் போல மாடி இருந்தால் போயிங் 747, மாடியே இல்லாமல் ஒல்லியாக இருந்தால் ஏ340.

படி 3: விசிறி உள்ளவை

இறக்கை உடலுக்கு மேலே, வால் டி எழுத்து வடிவில், பக்கத்துக்கு ஒரு ப்ரொப்பல்லர். தூத்துக்குடிக்கும் யாழ்ப்பாணத்துக்கும் போகும் ஏடிஆர் 72 இப்படித்தான். ஸ்பைஸ்ஜெட்டின் க்யூ400-ம் இதே சாயல் என்பதால் குழப்பம் வரும். சக்கரம் எங்கிருந்து இறங்குகிறது என்று பாருங்கள். ஏடிஆருக்கு வயிற்றின் புடைப்பிலிருந்து குட்டையான கால். க்யூ400-க்கு எஞ்சின் கூட்டிலிருந்து கொக்கு போல நீண்ட கால். நீளத்திலும் க்யூ400 32.8 மீட்டர், ஏடிஆர் 72 27.2 மீட்டர்.

ஏடிஆரில் ஏறப் போகும்போது இன்னொன்றையும் கவனிக்கலாம். வலது எஞ்சின் இரைந்துகொண்டிருக்கும், ப்ரொப்பல்லர் மட்டும் அசையாது. பழுது இல்லை. ஜெட் விமானங்களின் வாலில் மின்சாரத்துக்கென்று இருக்கும் குட்டி எஞ்சின் இதில் கிடையாது. அதனால் ப்ரொப்பல்லருக்குப் பிரேக் போட்டுவிட்டு வலது எஞ்சினையே ஜெனரேட்டராக ஓட்டுகிறார்கள். இதற்கு 'ஹோட்டல் மோட்' என்று பெயர்.

படி 4: ஏ320-ஆ, 737-ஆ?

நம் வானத்தில் பெரும்பங்கு இந்த இரண்டு குடும்பம்தான். இதைப் பிரிக்கத் தெரிந்தால் பாதிக் கிணறு தாண்டியாகிவிட்டது.

முதலில் வால். செங்குத்து வால் உடலைச் சந்திக்கும் இடத்தில், முன்பக்கம் ஒரு முக்கோணத் துண்டு ஒட்டவைத்தது போல மடிப்பு தெரிந்தால் 737. ஒரே நேர்கோடாக உடலிலிருந்து எழுந்தால் ஏ320. ஒரு கிலோமீட்டர் தள்ளியிருந்தும் இது தெரியும், நிழலுருவத்திலும் தெரியும். ஆகவே முதலில் இதையே பழகுங்கள்.

அடுத்து வயிறு. ஏறும் விமானம் சக்கரத்தை மடக்கியபின் கீழிருந்து பாருங்கள். வயிற்றில் இரண்டு கருப்பு வட்டங்கள் தெரிந்தால் சந்தேகமே வேண்டாம், அது 737. அதன் முதன்மைச் சக்கரங்களை முழுதாக மூடக் கதவு கிடையாது. டயரின் பக்கவாட்டே வெளியே தெரியும். ஏ320-இல் கதவு மூடி வயிறு வழவழப்பாகிவிடும்.

மூன்றாவது எஞ்சின். 737 முதலில் பறந்தது 1967-இல். அன்றைய எஞ்சின்கள் சுருட்டு போல ஒல்லி. வசதி குறைந்த விமான நிலையத்திலும் பெட்டி ஏற்ற எளிதாக இருக்கட்டும் என்று விமானத்தைத் தரைக்கு மிக அருகில் வைத்தார்கள். 1984-இல் 737-300-க்குப் பருத்த எஞ்சின் வந்தபோது கீழே இடம் இல்லை. எஞ்சினை இறக்கைக்கு முன்னால் தள்ளி, அடிப்பகுதியில் இருந்த உதிரிகளைப் பக்கவாட்டுக்கு மாற்றினார்கள். அதனால்தான் 737-800-இன் எஞ்சின் வாய் வட்டமாக இல்லாமல் கீழே தட்டையாக இருக்கிறது. 1987-இல் பறக்கத் தொடங்கிய ஏ320-க்குக் கால் உயரம், எனவே எஞ்சின் வாய் முழு வட்டம்.

கடைசியாக மூக்கு. 737-க்குக் கூர்மூக்கு, காக்பிட்டின் பக்க ஜன்னலின் கீழ்விளிம்பு வி போலச் சரியும். ஏ320-க்கு உருண்டை மூக்கு, கீழ்விளிம்பு நேராக ஓடும், கடைசி ஜன்னலின் மேல்மூலை வெட்டுப்பட்டிருக்கும்.

இறக்கை நுனியை இந்த வரிசையில் சேர்க்காததற்குக் காரணம் உண்டு. தொடக்கக்காரர்கள் அதை நம்பித்தான் ஏமாறுகிறார்கள். மேல்நோக்கி வளைந்த ஒற்றை நுனி ஏ320-லும் இருக்கும், 737-800-லும் இருக்கும். நுனி மேலும் கீழுமாகப் பிளந்திருந்தால் 737 மேக்ஸ் (737-இன் புதிய தலைமுறை) என்று பலர் எழுதிவிடுகிறார்கள். பழைய 737-800 சிலவற்றுக்கும் பிளந்த நுனி பொருத்தியிருக்கிறார்கள். மேக்ஸை உறுதிசெய்ய எஞ்சின் கூட்டின் பின்விளிம்பைப் பாருங்கள்: ரம்பப் பல் போல வெட்டியிருந்தால் மேக்ஸ். ஆகாசா ஏர் ஓட்டுவது முழுக்க மேக்ஸ் என்பதால், இதைப் பழக அந்த விமானங்கள் வசதி.

உள்ளே உட்கார்ந்திருப்பவருக்கும் ஒரு அடையாளம் உண்டு. கேட்டிலிருந்து கிளம்பி எஞ்சின் போடும் நேரத்தில், காலடியில் நாய் குரைப்பது போல 'வவ் வவ்' என்று சத்தம் கேட்டால் அது ஏ320 குடும்பம். இரண்டு ஹைட்ராலிக் அமைப்புகளுக்கு இடையே அழுத்தத்தைக் கடத்தும் கருவி தன்னைத்தானே சோதித்துக்கொள்ளும் சத்தம் அது.

படி 5: ஏ320 குடும்பத்தில் எது?

ஏ319 33.8 மீட்டர், ஏ320 37.6, ஏ321 44.5. தனியாகப் பார்க்கும்போது நீளத்தை மதிப்பிடுவது கடினம், ஆகவே கதவை எண்ணுங்கள். ஏ320-க்கு ஒரு பக்கத்தில் முன்னும் பின்னும் பெரிய கதவு, இறக்கைக்கு மேலே இரண்டு சின்ன அவசர வழி. ஏ319-க்கு அந்தச் சின்ன வழி பெரும்பாலும் ஒன்றுதான். பழைய ஏ321-க்குப் பக்கத்துக்கு நான்கு கதவு, இறக்கைமேல் வழி கிடையாது. புதிய எஞ்சின் பொருத்திய ஏ321நியோ பலவற்றில் இரண்டாவது கதவை எடுத்துவிட்டு இறக்கைமேல் சின்ன வழிகளை வைத்துவிட்டதால், கதவை மட்டும் எண்ணினால் அதை ஏ320 என்று எழுதிவிடுவீர்கள். உடல் பென்சில் போல நீண்டு தெரிகிறதா என்பதையும் சேர்த்துப் பாருங்கள்.

நியோவா பழையதா என்பதை எஞ்சின் பருமனே சொல்லும். பழைய சிஎஃப்எம்56 எஞ்சினின் விசிறி விட்டம் 1.73 மீட்டர். நியோவின் லீப் எஞ்சினுக்கு 1.98, பிராட் அண்ட் விட்னிக்கு 2.06. கூடு தரையை உரசுவது போலத் தொங்கும்.

படி 6: பெரிய உடல் விமானங்கள்

இங்கே சக்கரம்தான் சாவி. முதன்மைக் கால் ஒன்றில் மூன்று ஜோடி, அதாவது ஆறு சக்கரம் இருந்தால் போயிங் 777 அல்லது ஏ350-1000. நான்கு இருந்தால் 787, ஏ330, ஏ350-900. துபாயிலிருந்து வரும் 777-300இஆர் 73.9 மீட்டர் நீளம். அதன் வால்முனை கூம்பாக முடியாமல், ஸ்க்ரூடிரைவர் முனை போலத் தட்டையாக முடியும். 787-க்கு நுனிமடிப்பு இல்லாத, வில் போல மேலே வளையும் இறக்கை, எஞ்சின் பின்விளிம்பில் ரம்பப் பல், காக்பிட்டில் நான்கே கண்ணாடி. ஏ350 கூலிங் கிளாஸ் போட்டது போல இருக்கும், காக்பிட் ஜன்னலைச் சுற்றிக் கருப்புப் பட்டை. ஏ330நியோவுக்கும் இதே கண்ணாடி உண்டு என்பது ஒரு தொல்லை. ஏ330 இறங்கும்போது அதன் கால்கள் பின்சக்கரம் தாழ்ந்து, முன்சக்கரம் தூக்கி நன்றாகச் சாய்ந்து தொங்கும். குதிகால்தான் முதலில் தரையைத் தொடும்.

பெரிய விமானம் மெதுவாக வருவது போலத் தோன்றும். அது கண்ணின் ஏமாற்று. பயணிகள் ஜெட்கள் எல்லாமே ஏறக்குறைய மணிக்கு 240 முதல் 280 கி.மீ. வேகத்தில்தான் இறங்குகின்றன.

படி 7: இரவிலும் உயரத்திலும்

இடது இறக்கை நுனியில் சிவப்பு, வலதில் பச்சை, பின்னால் வெள்ளை. உங்கள் கண்ணுக்குச் சிவப்பு வலப்பக்கமும் பச்சை இடப்பக்கமும் தெரிந்தால் விமானம் உங்களை நோக்கி வருகிறது.

பத்துப் பன்னிரண்டு கிலோமீட்டர் உயரத்தில் போகும்போது வெண்புகைக் கோட்டை எண்ணுங்கள், விமானத்தை ஒட்டிய இடத்தில். சற்றுப் பின்னால் கோடுகள் ஒன்றாகக் கலந்துவிடும். நான்கு கோடு தெரிந்தால் நல்ல வேட்டை: துபாய்க்கும் ஆஸ்திரேலியாவுக்கும் இடையே போகும் ஏ380கள் தென்னிந்தியா, இலங்கை வானத்தைக் கடப்பது உண்டு.

படி 8: சரிபார்த்தல்

இடது இறக்கையின் அடியில் பதிவெண் பெரிதாக எழுதியிருக்கும், பைனாகுலரில் படிக்கலாம். வி.டி. என்று தொடங்கினால் இந்தியா, 4ஆர் இலங்கை, 9வி சிங்கப்பூர், 9எம் மலேசியா, ஏ6 ஐக்கிய அரபு அமீரகம். இனி ஆப்பைத் திறக்கலாம். அதில் சுருக்கக் குறிதான் இருக்கும்: ஏ20என் என்றால் ஏ320நியோ, ஏ21என் என்றால் ஏ321நியோ, பி738 என்றால் 737-800, பி38எம் என்றால் 737 மேக்ஸ் 8, ஏடி76 என்றால் ஏடிஆர் 72-600, பி77டபிள்யூ என்றால் 777-300இஆர்.

நோட்டில் நான்கு கட்டம் போதும்: நேரம், எந்த ஓடுபாதை, உங்கள் ஊகம், சரியான விடை. ஊகம் தப்பினால் எந்த அடையாளம் ஏமாற்றியது என்று பக்கத்தில் ஒரு சொல் எழுதுங்கள். ஐம்பது விமானம் ஆனதும் புரட்டிப் பார்த்தால் 'நுனி' என்ற சொல்தான் அதிகம் இருக்கும். அப்போது படி 4-ஐத் திரும்பப் படித்துவிட்டு, மறுநாள் வாலை மட்டும் பார்த்து எழுதிப் பாருங்கள்.