வார ஊசியும் மதியத் தட்டும்: உடற்பருமன் சிகிச்சையைத் தொடங்குவோருக்கு

இந்தியர்களுக்கு உடல் நிறைக் குறியீடு (BMI: கிலோ எடையை மீட்டர் உயரத்தின் வர்க்கத்தால் வகுத்தால் வரும் எண்) 25-ஐத் தொட்டாலே உடற்பருமன் என்று மருத்துவர்கள் கொள்கிறார்கள். ஆனால் அதற்காக உடனே ஊசி போட்டுக்கொள்ள வேண்டியதில்லை. குறியீடு 30-ஐ எட்டியவர்களுக்கும், 27-ஐ எட்டி இரத்த அழுத்தம், சர்க்கரை நோய் போன்றவை உள்ளவர்களுக்குமே பசியைக் குறைக்கும் செமாக்ளூடைடு, டிர்செபடைடு ஆகிய வார ஊசிகள் பொதுவாகப் பரிந்துரைக்கப்படுகின்றன.

முதல் சந்திப்பிலேயே கணைய அழற்சி வந்ததுண்டா, குடும்பத்தில் எவருக்கேனும் தைராய்டு புற்றுநோய் உண்டா, கருத்தரிக்கும் திட்டம் உள்ளதா என்பவற்றை மருத்துவரிடம் சொல்லிவிடுங்கள். இன்சுலினோ கிளிமிபிரைடு என்னும் சர்க்கரை மாத்திரையோ எடுப்பவர்களுக்குச் சர்க்கரை தாழ்ந்துவிடக்கூடும் என்பதால், அவற்றின் அளவைக் குறைக்க வேண்டியிருக்கலாம்.

செமாக்ளூடைடு 0.25 மில்லிகிராமில் தொடங்கி, நான்கு வாரத்துக்கு ஒருமுறை படிப்படியாக 2.4 வரை உயர்த்தப்படும். குமட்டலும் மலச்சிக்கலும் பெரும்பாலும் அளவு கூடும் வாரங்களில்தான் தொல்லை தரும். எடை வேகமாக இறங்கட்டும் என்று ஒரு படியைத் தாண்டிக் குதிப்பவர்கள் வாந்தியைத்தான் விலைக்கு வாங்குகிறார்கள். மேல்வயிற்றில் தொடங்கி முதுகுவரை பரவும் கடும் வலி வந்தால், அது கணைய அழற்சியாக இருக்கலாம் என்பதால், அடுத்த ஊசியைப் போடாமல் உடனே மருத்துவமனைக்குச் செல்ல வேண்டும்.

பலரும் கோட்டைவிடும் இடம் சாப்பாட்டுத் தட்டு. பசி குறைந்தவுடன் காலையில் இரண்டு இட்லி, மதியம் ஒரு கரண்டி ரசம் சாதம் என்று நிறுத்திக்கொண்டால் கொழுப்போடு தசையும் சேர்ந்து கரையும். எனவே தட்டில் முதலில் கை வைக்க வேண்டியது சோற்றில் அல்ல, மீன், முட்டை, சுண்டல், கெட்டியான பருப்பு, தயிர் இவற்றில்தான். சோற்றை எடுக்குமுன் வயிறு நிறைந்துவிட்டால் நட்டமில்லை. ஒரு முட்டையில் ஏறத்தாழ 6 கிராம் புரதம் உண்டு என்பதை வைத்துக் கணக்கிட்டுக்கொள்ளலாம். வாரத்துக்கு 150 நிமிட நடையுடன், இரண்டு நாளாவது நாற்காலியில் உட்கார்ந்து எழுவது, தண்ணீர்க் குடத்தையோ எடைக்கட்டியையோ தூக்குவது போன்ற தசைப்பயிற்சியும் தேவை. நடை மட்டும் தசையைக் காக்காது.

செமாக்ளூடைடு ஆய்வொன்றில் 68 வாரங்களில் சராசரியாக 15 விழுக்காடு எடை குறைந்தது. ஊசியை நிறுத்திய ஓராண்டில் அதில் மூன்றில் இரண்டு பங்கு திரும்பிவிட்டது. ஆகவே எவ்வளவு காலம் போட வேண்டியிருக்கும், மாதச் செலவைத் தாங்க முடியுமா என்பதை முதல் ஊசிக்கு முன்பே மருத்துவரிடமும் வீட்டிலும் பேசி முடிவு செய்யுங்கள்.