மூணாறு உறைபனியில் கள்ளியும் யூக்காவும் வளர்க்க

ஜனவரி விடியலில் மூணாறுப் புல்வெளி உப்பைக் கொட்டி வைத்த மாதிரி வெளுத்துக் கிடக்கும். இந்தக் குளிரில் கள்ளி எங்கே வரப்போகிறது என்று எங்கள் லயத்தில் எல்லோரும் கேட்டார்கள். வரும். வெறும் குளிரை நிறையக் கள்ளிகள் தாங்கிவிடும், வேரில் ஈரம் நிற்கும்போது வருகிற குளிர்தான் செடியைக் கொல்லும்.

ஓபன்ஷியா ஃப்ராஜிலிஸ் என்ற சின்னச் சப்பாத்திக்கள்ளி கனடாவின் பனிக்குள் கிடந்தே பிழைக்கிறது. குளிர் நெருங்கும்போது அது உடம்பிலிருக்கும் தண்ணீரைக் குறைத்துச் சுருங்கிப் படுத்துவிடும், உள்ளே மிஞ்சிய சாறு கெட்டியாகிவிடுவதால் லேசில் உறையாது. நம் மலையில் ஜூனில் தொடங்கும் மழை ஓய்ந்த கையோடு ஐப்பசி மழையும் வந்துவிடுகிறது, செடி தண்ணீர் குடித்து உப்பிய உடம்போடுதான் மார்கழிக்குள் போகிறது. அதனால் குளிர்கால வேலையை மழைக்காலத்திலேயே தொடங்குங்கள்.

ஒரு பங்கு தோட்டத்து மண்ணுக்கு இரண்டு பங்கு சரளையும் செங்கல் சல்லியும் கலந்து, மண் தொட்டியில் நடுங்கள். தொட்டியைக் கல்மேல் ஏற்றி வையுங்கள், அடித்துளை அடைபடக் கூடாது. மேலே பிளாஸ்டிக் ஷீட்டில் கூரை போட்டு, காற்றுப் போகப் பக்கங்களைத் திறந்தே விடுங்கள். ஆகஸ்டுக்குப் பிறகு யூரியா வேண்டாம், இளந்தளிர் வந்தால் அதுதான் முதலில் கருகும். நவம்பர் கடைசியிலிருந்து தண்ணீரே விடாதீர்கள். செடி சுருங்கும், பார்க்கப் பாவமாக இருக்கும், விட்டுவிடுங்கள்.

அப்புறம் இடம். முதல் வருஷம் உள்ளங்கை அளவு கோல்டன் பேரல் என்ற உருண்டைக் கள்ளி ஒன்றை ஓடைப்பக்கப் புல்தரையில் வைத்திருந்தேன். காலையில் முள் நுனிகளில் பனித்துகள் ஒட்டி அவ்வளவு அழகாக இருந்தது. வெயில் ஏறியதும் ஒரு பக்கத் தோல் வெந்த சுரைக்காய் மாதிரி கண்ணாடியாகத் தெரிந்தது, தொட்டேன், விரல் உள்ளே போய்விட்டது. அதே ராத்திரி சமையலறைச் சுவரோரம் ஓட்டுக்கு அடியில் இருந்த இன்னொன்றுக்கு ஒரு கீறல்கூட இல்லை. மேகமில்லாத ராத்திரியில் குளிர்ந்த காற்று கனத்துப் பள்ளத்தில் போய்த் தேங்கும், பகலில் சூடேறிய சுவரோ ராத்திரி முழுக்க அந்தச் சூட்டைக் கொஞ்சம் கொஞ்சமாக விடும். ஆகவே பள்ளம் வேண்டாம், சுவரோரம் வையுங்கள். உறைந்த செடிமேல் விடிந்ததும் நேர் வெயில் படாமலும் பாருங்கள், சட்டென்று உருகினால் சேதம் அதிகம்.

வானம் தெளிந்து காற்று அசையாத ராத்திரிகளில் சாக்கோ பழைய வேட்டியோ போர்த்தி, காலையில் எடுத்துவிடுங்கள். பாலிதீன் செடியைத் தொட்டால் தொட்ட இடம் கருகும்.

எதை வாங்கலாம்? தலையில் சிவப்பு உருண்டை ஒட்டிய மூன் கேக்டஸ் வீட்டுக்குள்ளேயே இருக்கட்டும், அதன் அடித்தண்டு பெரும்பாலும் டிராகன் பழக் கொடியின் இனம், பனி தாங்காது. மெலோகாக்டஸ் என்ற உருண்டைக் கள்ளியும் அப்படித்தான். வாள் மாதிரி நீண்ட இலைகள் கொத்தாக வரும் யூக்காவில், தண்டு தடித்து முள்ளில்லாமல் நர்சரிகளில் கிடைப்பது கடும் பனியில் இலை கருகும். இலை விளிம்பில் வெள்ளை நூல் தொங்கும் யூக்கா ஃபிலமென்டோசா கிடைத்தால் விடாதீர்கள், அது அமெரிக்காவின் கடுங்குளிரையே தாங்குவது. மகரந்தம் சேர்க்கும் யூக்கா அந்துப்பூச்சி இங்கே இல்லாததால் விதைக்குக் காத்திருக்காமல் பக்கக்கன்றைப் பிரித்து நடுங்கள். பனி ராத்திரியில் யூக்கா இலைகளை மேலே குவித்துக் கயிற்றால் தளரக் கட்டலாம், மழை வந்தால் உடனே அவிழ்த்துவிடுங்கள், குருத்தில் தண்ணீர் நின்றால் அழுகும்.

கீழே வெயில் ஊர்களான போடி, தேனிப் பக்கம் வாங்கிய செடியை முதல் குளிரிலேயே வெளியே விடாதீர்கள், ஒரு வருஷம் பழகட்டும்.

கருகிய இடத்தை உடனே வெட்ட வேண்டாம். காய்ந்து நின்றுவிட்டால் தழும்போடு பிழைக்கும். நசநசவென்று பரவினால் மட்டும் சுத்தமான கத்தியால் நல்ல பச்சை தெரியும் வரை வெட்டி, கந்தகத் தூள் தடவி உலர விடுங்கள். மார்ச்சில் ராத்திரிக் குளிர் விட்டதும் முதலில் அரை டம்ளர் தண்ணீர் போதும், ஒரு வாரத்தில் சுருக்கம் நிமிர்ந்தால் அடுத்ததை நனைய ஊற்றலாம்.