பார்க்கின்சன் நடைக்கு மெட்ரோனோம்

பார்க்கின்சன் நோயால் நடை குறுகி, கால் தரையை உரசத் தொடங்கியவருக்குக் கைபேசியில் சீரான தாளத்தில் 'டக், டக்' என்று ஒலிக்கும் இலவச மெட்ரோனோம் செயலி ஒன்றை இறக்கிக் கொடுங்கள். முதலில் அவர் இயல்பாக நடக்கும்போது ஒரு நிமிடத்துக்கு எத்தனை அடி வைக்கிறார் என்று எண்ணுங்கள். 90 என்றால் தாளத்தையும் 90-இல் வைத்து, ஒவ்வொரு 'டக்'குக்கும் ஓர் அடி வைக்கச் சொல்லுங்கள். பழகியபின், அடி குறுகாமல் இருந்தால் மட்டும், 95 வரை கூட்டலாம்.

இந்நோயில் பழுதாவது, நடைக்கு உள்ளிருந்தே தாளம் போட்டுத்தரும், மூளையின் ஆழத்தில் உள்ள அடித்தள நரம்புமுடிச்சுகள். வெளியிலிருந்து காதுவழி வரும் தாளம், மூளையின் வேறு பாதைகளைப் பிடித்துக்கொண்டு கால்களை இயக்க உதவுகிறது. 1990-களிலேயே இசைச் சிகிச்சை ஆய்வாளர் மைக்கேல் தௌட் குழுவினர் அமெரிக்காவில் இதைச் சோதித்து, நடைவேகமும் அடியின் நீளமும் கூடுவதைக் காட்டினார்கள். விலையுயர்ந்த கருவிகளை விசாரிக்கும் முன் இதைப் பார்த்துவிடலாம்.

நடுவழியில் கால் ஒட்டிக்கொண்டதுபோல் உறைந்து நிற்பவர்களுக்குத் தாளத்தைக் கூட்டவே கூடாது. அது உறைவை மோசமாக்கக்கூடும். மறதிநோய் முற்றியவர்களுக்கும் அடிக்கடி விழுபவர்களுக்கும் இயன்முறை மருத்துவர் உடனிருக்க வேண்டும். சாலையில் காதொலிப்பான் மாட்டிக்கொண்டு நடப்பது யாருக்குமே ஆகாது.