ஏரிக்கரையில் ஒரு கீற்றுக் குடில்: இடம் பார்ப்பது முதல் மழைக்காலம் தங்குவது வரை

பாகூர், ஊசுடு, பெருமாள் ஏரி, வாலாஜா ஏரி, 10ஆம் நூற்றாண்டில் சோழர் வெட்டிய வீராணம் என்று கடலூரையும் புதுச்சேரியையும் சுற்றி ஏரிகளுக்குக் குறைவில்லை. இவற்றை ஒட்டிச் சொந்த நிலமோ உறவினர் நிலமோ இருந்து, அங்கே ஒரு கீற்றுக் குடில் போட்டு ஐப்பசி முதல் பங்குனி வரை தங்கிப் பார்க்க விரும்புகிறவர்களுக்காக இதை எழுதுகிறேன். ஓர் அறை, ஒரு தாழ்வாரம், தனியே ஓர் அடுப்படி, தள்ளி ஒரு கழிப்பறை என்பதற்கு மேல் இதில் எதுவும் இல்லை. எதை எங்கே வைப்பது என்பதைத் தண்ணீரும் காற்றும்தான் முடிவு செய்கின்றன; அந்த ஒழுங்கைப் பிடித்துக்கொண்டால் மற்ற வேலைகள் தாமாகவே எளிதாகும்.

முதல் படி: யாருடைய நிலம் என்று பாருங்கள்

ஏரியின் உட்பகுதி, கரை, வரத்து வாய்க்கால் ஆகியவை புறம்போக்கு. அவற்றில் ஒரு கம்பு நட்டாலும் அது ஆக்கிரமிப்புதான். ஏரிகளைப் பாதுகாக்கவும் ஆக்கிரமிப்பை அகற்றவும் தமிழ்நாட்டில் 2007ஆம் ஆண்டிலேயே தனிச் சட்டம் இயற்றப்பட்டுள்ளது. ஊசுடு ஏரியைப் புதுச்சேரி அரசு 2008இல் பறவைகள் சரணாலயமாக அறிவித்தது. அதை ஒட்டிய நிலமாக இருந்தால் வனத்துறையிடம் கேட்காமல் எதையும் தொடங்கக் கூடாது. கிராம நிர்வாக அலுவலரிடம் புல வரைபடத்தைப் பார்த்து, உங்கள் பட்டா நிலத்தின் எல்லைக் கல் எங்கே இருக்கிறது என்பதை நேரில் நின்று உறுதி செய்துகொள்ளுங்கள். கோடையில் ஏரி வற்றிக் கிடக்கும்போது எல்லா நிலமும் ஒன்றுபோலத் தெரியும். அப்போது கண்மதிப்பில் இடம் குறிப்பது பிற்பாடு வழக்கில்தான் போய் முடியும்.

இரண்டாம் படி: தண்ணீர் எதுவரை வரும் என்று அறியுங்கள்

இந்த ஒரு படிக்கு மட்டும் ஒரு வாரம் செலவழித்தாலும் தகும் என்பது என் உறுதியான கருத்து.

நம் பகுதியில் நிலம் மேற்கிலிருந்து கிழக்கே கடலை நோக்கிச் சரிகிறது. ஆகவே பெரும்பாலான ஏரிகளில் கரை கிழக்குப் பக்கத்தில் உயர்ந்து நிற்க, தண்ணீர் மேற்கே மெல்ல மெல்ல ஆழம் குறைந்து பரவியிருக்கும். கரைக்குக் கீழே, ஏரி நீர் பாயும் வயல்களான ஆயக்கட்டுப் பக்கத்தில் குடில் போட்டால் போக்குவரத்து எளிது. ஆனால் உங்கள் தலைக்கு மேலான உயரத்தில் தண்ணீர் நிற்கும், கரை உடைந்தால் முதலில் அடித்துச் செல்லப்படுவது அந்த இடம்தான். ஏரி நிரம்பினால் மிகுதி நீர் வழிந்து வெளியேறும் கலிங்கலுக்கு நேர் கீழே உள்ள நிலம் அதைவிடவும் மோசம். மேற்கே நீர்ப்பிடிப்பின் ஓரத்தில் உள்ள மேட்டு நிலமே குடிலுக்கு ஏற்றது. அங்கே தண்ணீர் வந்தாலும் மெதுவாக ஏறும். விலகிக்கொள்ள நேரம் கிடைக்கும். பறவைகள் இரை தேடும் ஆழமற்ற சேற்றுப் பரப்பும் அந்தப் பக்கத்தில்தான் இருக்கிறது.

நீர்மட்டத்தை அறிய மூன்று வழிகள் உண்டு. ஏரிக்குள் நிற்கும் கருவேல மரங்களின் அடிமரத்தைப் பாருங்கள். சென்ற ஆண்டுத் தண்ணீர் நின்ற உயரம் வரை சேற்றின் நிறம் படிந்திருக்கும், கிளைகளில் காய்ந்த பாசியும் குப்பையும் மாலைபோலத் தொங்கும். அடுத்து, கலிங்கலின் மேல்மட்டத்தை உங்கள் நிலத்தோடு ஒப்பிட்டுப் பாருங்கள்; கொத்தனார்கள் பயன்படுத்தும் ரசமட்டக் குழாயைச் சிறு சிறு தூரமாக வைத்து இதைச் செய்யலாம், தூரம் மிகுதியானால் நில அளவையர் உதவி வேண்டும். மூன்றாவதுதான் எனக்கு மிகவும் நம்பிக்கையானது: வயல்களுக்கு ஏரி நீரைப் பங்கிட்டு விடும் நீர்க்கட்டியையும், ஏரியில் மீன் பிடித்து வாழும் இருளர் பெரியவர்களையும் கேளுங்கள். '2015 வெள்ளத்தில் இங்கே தண்ணீர் எதுவரை வந்தது? 2024 ஃபெஞ்சல் புயலில் எதுவரை வந்தது?' என்று ஆண்டைச் சொல்லிக் கேட்டால், அவர்கள் இடத்தைக் காட்டியே சொல்வார்கள். 2024 டிசம்பர் 1ஆம் தேதிக் காலையோடு முடிந்த 24 மணி நேரத்தில் புதுச்சேரியில் 45 சென்டிமீட்டருக்கும் மேல் மழை பெய்தது. அந்த மழைக்குத் தப்பிய மேடு நம்பத்தக்க மேடு. அவர்கள் காட்டும் இடத்துக்கும் மேலே மூன்றடி உயரம் கிடைக்கும்படி தரையை அமைத்துக்கொள்ளுங்கள்.

பெருமாள் ஏரி, வாலாஜா ஏரிப் பக்கம் தங்குவோர் இன்னொன்றையும் கணக்கில் கொள்ள வேண்டும். நெய்வேலிச் சுரங்கத்திலிருந்து இறைக்கப்படும் நீர் அங்கே வந்து சேருவதால், மற்ற ஏரிகள் வற்றிவிட்ட மாதங்களிலும் அங்கே நீர் இருக்கும்.

மூன்றாம் படி: மேடும் குடிலும்

மேடு போடச் செம்மண்ணோ கிராவலோ பயன்படுத்துங்கள். பக்கத்திலேயே கிடைக்கிறதே என்று ஏரி வண்டலை அடித்து மேடு போடுகிறவர்கள் உண்டு; வண்டல் நனைந்தால் ஊதும், காய்ந்தால் வெடிக்கும், வெடிப்பில் எலி புகும், எலிக்குப் பின்னால் பாம்பு வரும். வண்டலின் இடம் சுவர்ப்பூச்சு. வைக்கோல் துண்டும் உமியும் கலந்து மிதித்துப் புளிக்கவைத்தால் நன்றாகப் பிடிக்கும்.

பத்தடிக்குப் பன்னிரண்டடி அறை இருவருக்குப் போதும். கால்களுக்குச் சவுக்கு நம் பகுதியில் எங்கும் கிடைக்கும். மண்ணுக்குள் போகும் இரண்டரை அடியையும் அதற்கு மேல் ஓரடியையும் நெருப்பில் வாட்டித் தார் பூசிய பிறகே நடுங்கள். இல்லையெனில் இரண்டே மழையில் கரையான் ஏறிவிடும். கூரையின் குறுக்கே கட்டும் வரிச்சுக்கு மூங்கில் பிளாச்சு. கூரைக்கு ஊறவைத்து முடைந்த தென்னங்கீற்று எளிதில் கிடைக்கும். பனை ஓலை விலை கூடுதல், ஆனால் அதிக ஆண்டுகள் உழைக்கும். கரும்பு விளையும் ஊர்களில் தோகை வேய்வதும் உண்டு. எதுவானாலும் தாழ்வாரத்திலிருந்து தொடங்கி முகட்டை நோக்கி, ஒவ்வொரு வரிசையும் கீழ்வரிசையை முக்கால் பங்கு மூடும்படி நெருக்கி வேய வேண்டும். கூரைச் சரிவு செங்குத்தாக, ஏறக்குறைய 45 பாகையாவது இருக்கட்டும். சரிவு குறைந்தால் நீர் வழிந்தோடாமல் கீற்றுக்குள்ளேயே ஊறி நிற்கும்.

வாசலின் திசையில்தான் புதியவர்கள் ஆசைக்கு இடம் கொடுத்துவிடுகிறார்கள். ஏரி கிழக்கே இருப்பதால் வாசலைக் கிழக்கே வைத்து, படுத்தபடியே சூரியோதயம் பார்க்க வேண்டும் என்று தோன்றும். ஆனால் நீங்கள் தங்கப்போகும் மாதங்கள் வடகிழக்குப் பருவமழையின் மாதங்கள். வாடையும் கொண்டலும் சாரலை நேராக உள்ளே வீசும். வாசல் தெற்கு நோக்கியும், கிழக்கில் தட்டி வைத்து மூடத்தக்க ஒரு சிறிய திறப்பும், வடக்கே திறப்பே இல்லாத சுவரும் இருக்கட்டும். வடக்கு, கிழக்குப் பக்கங்களில் தாழ்வாரத்தை நான்கடி உயரத்துக்குத் தாழ்த்திவிட்டால் காற்று கூரைக்கு அடியில் புகுந்து தூக்காது.

நான்காம் படி: அடுப்பு, குடிநீர், கழிப்பறை

அடுப்பைக் குடிலுக்குத் தென்மேற்கே பதினைந்தடி தள்ளி வையுங்கள். மழைக்காலக் காற்று வடகிழக்கிலிருந்து வருவதால் பொறி கூரைக்கு எதிர்ப்பக்கமாகப் போகும். அடுப்புப் புகை படும் கீற்றைப் பூச்சி அரிக்காது என்று பெரியவர்கள் சொல்வதில் உண்மை உண்டு. இருந்தாலும் கூரை வீட்டில் வாழ்ந்து பழகாதவர் உள்ளே அடுப்பு மூட்டக் கூடாது என்பதே என் நிலை. சவுக்கு மிலாறு நல்ல விறகு. மழைக்கு முன்பே ஒரு மாதத்துக்குத் தேவையானதைக் கட்டித் தாழ்வாரத்தின் கீழ் அடுக்கிவிடுங்கள். காற்று தென்றலாகத் திரும்பும் மாசி, பங்குனியில் அடுப்பின் இடத்தையும் மாற்ற வேண்டும்.

ஏரி நீரை அப்படியே குடிக்கக் கூடாது. பக்கத்தில் அடிபம்பு இருந்தால் அதுவே சிறந்தது. ஏரி நீரைத்தான் பயன்படுத்த வேண்டும் என்றால், மண்பானையின் உட்புறத்தில் தேற்றாங்கொட்டையை உரைத்து நீரை ஊற்றி இரவு முழுவதும் தெளியவிடுங்கள். கலங்கல் அடியில் படிந்துவிடும். தெளிந்த நீர் தூய நீராகிவிடாது. கொட்டை மண்ணைப் படியவைக்கிறதே தவிர, கிருமிகள் அனைத்தையும் அழிப்பதில்லை. ஆகவே மேல்நீரை மட்டும் இறுத்து, துணியில் வடிகட்டி, தளதளவென்று கொதிக்கவைத்து ஆறிய பிறகே குடிக்க வேண்டும்.

கழிப்பறைக் குழி ஏரி நீரிலிருந்தும் கிணறு, அடிபம்பிலிருந்தும் நூறடிக்குக் குறையாத தொலைவில், தண்ணீர் ஏறாத மேட்டில் இருக்கட்டும். ஒவ்வொரு முறையும் ஒரு சிரட்டை சாம்பல் போட்டால் ஈயும் நாற்றமும் அடங்கும். சோப்பு நீரை ஏரியில் விடாதீர்கள். குளிப்பதும் துவைப்பதும் மேட்டில் ஒரு வாழையடியில் நடக்கட்டும்.

ஐந்தாம் படி: இரவும் பாம்பும்

ஈர நிலத்தில் எலியும் தவளையும் மிகுதி, ஆகவே பாம்பும் உண்டு. பகலில் நீங்கள் பார்ப்பவற்றில் பெரும்பாலானவை நஞ்சற்ற தண்ணீர்ப் பாம்பும் சாரையும்தான். அவற்றை அடிக்க வேண்டியதில்லை. நஞ்சுள்ளவற்றில் நல்ல பாம்பு, கண்ணாடி விரியன், சுருட்டை விரியன், கட்டுவிரியன் ஆகிய நான்கும் முக்கியமானவை. நம் மருத்துவமனைகளில் உள்ள நஞ்சுமுறி மருந்து இந்த நான்கின் நஞ்சுக்கும் சேர்த்தே தயாரிக்கப்படுகிறது.

குடிலில் தங்குவோர் குறிப்பாக அஞ்ச வேண்டியது கட்டுவிரியனுக்கு. அது இரவில் நடமாடும். தரையில் படுத்திருப்பவரைக் கடிக்கும். கடித்த இடத்தில் வலியோ வீக்கமோ இல்லாமலே போகலாம். நள்ளிரவில் வயிற்றுவலியோடு எழுந்தாலோ, விடியலில் இமைகள் தாமாகச் சரிந்தாலோ, கடிவாய் தெரியவில்லை என்று காத்திருக்காமல் மருத்துவமனைக்குப் புறப்பட வேண்டும். தடுப்பதற்கு வழி எளியது: தரையில் படுக்காதீர்கள். கயிற்றுக் கட்டிலில் படுத்து, கொசுவலையைப் பாய்க்கு அடியில் சுற்றிலும் செருகிவிடுங்கள். கொசுவுக்காகக் கட்டும் வலை பாம்புக்கும் தடையாகிறது. அரிசியையும் நெல்லையும் படுக்கும் அறையில் வைக்காதீர்கள். இருட்டில் ஓரடி எடுத்து வைப்பதானாலும் கையில் டார்ச் இருக்கட்டும். செருப்பை உதறிவிட்டுப் போடுங்கள்.

கடித்துவிட்டால் கடிவாயைக் கீறுவதும், உறிஞ்சுவதும், கயிற்றால் இறுக்கிக் கட்டுவதும் தீங்கையே செய்யும். கடிபட்ட கை அல்லது காலை ஒரு கம்போடு சேர்த்து அசையாமல் தளர்வாகக் கட்டி, நடக்கவிடாமல் தூக்கிச் சென்று, 108ஐ அழையுங்கள். கடலூர் அரசு தலைமை மருத்துவமனை, புதுச்சேரி ஜிப்மர், அண்ணாமலைநகர் மருத்துவக் கல்லூரி மருத்துவமனை ஆகியவற்றில் எது உங்களுக்கு அருகில் என்பதையும், குடில் வரை வண்டி வருமா என்பதையும் தங்கும் முதல் நாளிலேயே பார்த்து வைக்க வேண்டும்.

விளக்கைப் பொறுத்தவரை, வெள்ளை ஒளியைவிட மங்கிய மஞ்சள் ஒளிக்குப் பூச்சி குறைவாக வரும். மழை விட்ட மாலைகளில் ஈசல் கிளம்பினால் விளக்கை அணைத்துவிட்டு உட்கார்ந்திருப்பதே நல்லது.

ஆறாம் படி: ஏரியில் இறங்குவதும் மீனும்

ஏரிக்குள் மண் எடுத்த பள்ளங்கள் தண்ணீருக்கு அடியில் தெரியாமல் கிடக்கும். முழங்கால் ஆழத்தில் நடந்துகொண்டிருக்கும்போதே அடுத்த அடி ஆளை மூழ்கடித்துவிடும். நீச்சல் தெரிந்தவரையும் ஆகாயத்தாமரையும் நெய்வேலிக் காட்டாமணக்கும் காலைச் சுற்றிப் பிடித்துக்கொள்ளும். மாடுகள் இறங்கி ஏறும் தடத்தை விட்டு விலகாதீர்கள், தனியாக இறங்காதீர்கள். காலில் வெட்டுக்காயம் இருந்தால் சேற்றில் இறங்கவே வேண்டாம், எலிக்காய்ச்சல் அந்த வழியாகத்தான் வருகிறது.

பல ஏரிகளில் மீன்பாசி, அதாவது மீன் பிடிக்கும் உரிமை, குத்தகைக்கு விடப்படுகிறது. தூண்டில் போடுவதற்கு முன் குத்தகைதாரரைக் கேளுங்கள். அதைவிடவும் நல்லது, விடியலில் வலை இழுத்து வருகிறவர்களிடம் காசு கொடுத்து வாங்குவது. கெண்டையும் கெளுத்தியும் அவர்களிடம் கிடைக்கும், விராலும் குறவையும் அகப்பட்ட நாளில் கேட்டுப் பெறலாம். அவர்களுடைய பிழைப்பின் நடுவே நாம் வந்து தங்கியிருக்கிறோம்.

ஏழாம் படி: பறவைகளோடு இருப்பது

இவ்வளவு ஏற்பாடும் இதற்காகத்தான் என்று சொல்வேன். விடிவதற்கு அரை மணி முன்பே கிழக்குத் திறப்பின் தட்டியை மெல்லத் தூக்கிவிட்டு உட்காருங்கள். வெளியே போக வேண்டாம், குடிலே உங்கள் மறைவிடம். முதலில் வக்காக்கள் இரவு வேட்டை முடிந்து மரத்துக்குத் திரும்பும். வெளிச்சம் பரவியதும் நாமக்கோழிகள் கூட்டமாக நீந்திவரும். அவற்றின் நடுவே முக்குளிப்பான் மறைவதும் எழுவதுமாக இருக்கும். நத்தைகுத்தி நாரை சேற்றில் நத்தையைத் தேடி எடுத்து ஓட்டிலிருந்து சதையைப் பிரிப்பதை வெறும் கண்ணாலேயே பார்க்கலாம். அல்லி இலைகளின் மேல் இலைக்கோழி நடக்கும்போது, அதன் நீண்ட விரல்கள் உடல் எடையை எப்படிப் பரப்பித் தாங்குகின்றன என்பதைக் கவனியுங்கள். கார்த்திகை, மார்கழியில் ஊசிவால் வாத்து முதலிய வலசைப் பறவைகள் சேர்ந்துகொள்ளும். பாட்டுப் பெட்டி, பட்டாசு, கூட்டுக்கு அருகே போய்ப் படம் எடுப்பது ஆகியவற்றை அறவே விலக்குங்கள். ஒருமுறை கலைந்த கூட்டம் அன்று முழுவதும் அந்தப் பக்கம் வராது.

எட்டாம் படி: எப்போது வெளியேறுவது

கீற்றுக் குடில் புயலுக்கு நிற்காது. 2011 டிசம்பர் 30 அன்று தானே புயல் கடலூர் மாவட்டத்தில் முந்திரித் தோப்புகளையே வேரோடு சாய்த்தது. சவுக்குக் கால்கள் எம்மாத்திரம். கடலூர், புதுச்சேரித் துறைமுகங்களில் மூன்றாம் எண் புயல் எச்சரிக்கைக் கூண்டு ஏற்றப்பட்ட செய்தி வந்தவுடன், வானம் வெளுத்திருந்தாலும், பாத்திரங்களையும் படுக்கையையும் எடுத்துக்கொண்டு ஊருக்குள் வந்துவிடுங்கள். கலிங்கல் வழிய ஆரம்பித்த பிறகும் மழை விடவில்லை என்றால் கூண்டுக்காகக் காத்திருக்கவும் வேண்டாம்.

பங்குனி முடிந்து திரும்பும்போது நெகிழியை ஒன்று விடாமல் கொண்டுவந்துவிட்டு, கழிப்பறைக் குழியை மண்ணால் மூடுங்கள். ஆனி, ஆடியில் மேல்காற்று கூரையைப் பிய்க்கும். அப்போது புதுக்கூரை போட்டால் வீண். கீற்றுக்கு மட்டும் ஆடியிலேயே சொல்லி வைத்துவிட்டு, ஆவணிக் கடைசியில் பழையதைப் பிரித்து, உளுத்த வரிச்சுகளை மாற்றி, புரட்டாசிக்குள் வேய்ந்து முடித்தால் ஐப்பசி மழைக்குக் குடில் ஆயத்தமாக இருக்கும்.