வீட்டில் வெல்டிங் அடித்தால் எம்சிபி விழுகிறதா? நான் சரிசெய்தது இப்படி

இரும்பு கேட்டுக்கு 3.15 மி.மீ. வெல்டிங் ராடில் 120 ஆம்பியர் வைத்து அடித்தாலே 16 ஆம்பியர் எம்சிபி (கரண்ட் அளவு மீறினால் தானாக அணையும் சுவிட்ச்) விழுந்துகொண்டிருந்தது, எக்ஸ்டென்ஷன் வயரும் கை வைக்க முடியாத சூடு. மெஷினில் குறை இல்லை. அந்த ஆம்பியரில் ஆர்க் வோல்டேஜ் (ராடு நுனிக்கும் இரும்புக்கும் இடையே உள்ள வோல்டேஜ்) சுமார் 25, இரண்டையும் பெருக்கினால் அதுவே 3 கிலோவாட். மெஷினின் இழப்பையும் பவர் ஃபேக்டரையும் (இழுக்கும் கரண்டில் எவ்வளவு உண்மையில் வேலைக்கு ஆகிறது என்ற விகிதம்) சேர்த்தால் சிங்கிள் ஃபேஸில் 20 ஆம்பியருக்கு மேல் இழுக்கும், சாதாரண பிளக் எப்படித் தாங்கும்?

எலக்ட்ரீஷியனை வைத்து மெயின் போர்டிலிருந்து 4 சதுர மி.மீ. காப்பர் வயரில் தனி லைன், 25 ஆம்பியர் சி டைப் எம்சிபி (ஆன் செய்யும்போது ஒரு நொடி எகிறும் கரண்டுக்கு எளிதில் விழாத ரகம்), இண்டஸ்ட்ரியல் சாக்கெட் போட்டேன். எர்த்தில் மட்டும் காசு பார்க்காதீர்கள், உயிர் விஷயம். இப்போது விழுவதில்லை.

அப்புறம், மெல்லிய பைப்புக்கு 2.5 ராடும் 80 ஆம்பியரும் போதும். மெஷினில் டியூட்டி சைக்கிள் (10 நிமிடத்தில் எவ்வளவு நேரம் அடிக்கலாம் என்ற அளவு) 60 சதவீதம் என்றால், அதற்குக் குறித்திருக்கும் ஆம்பியரில் 10 நிமிடத்துக்கு 6 நிமிடம்தான் அடிக்கலாம். மீதி நேரம் சுவிட்சை அணைக்காமல் மெஷினின் ஃபேனை ஓடவிடுங்கள்.